சொந்த வளவில் முப்பது நாள் விருந்தாளி

நல்லூரில் கொடியேறும் நாள் நெருங்கும்போது, யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த வீடுகள் திறபடுகின்றன. கிணறு இறைக்கப்படுகிறது, வளவு கூட்டப்படுகிறது, கேற்றுக்குப் புதுப் பூச்சு விழுகிறது. இருபத்தைந்து நாள் திருவிழா ஓய்ந்து சில நாட்களில் அதே கேற்றில் மறுபடி பூட்டுத் தொங்குகிறது. இடையில் வந்துபோனவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் குடியிருப்பவர்கள். ஊராருக்கு அவர் இன்னாரின் மகன், இன்ன வளவுக்காரர். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பதிவில் அவர் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி. 2012 ஜனவரியில் தொடங்கிய இலத்திரனியல் பயண அனுமதியின்படி முப்பது நாள் தங்கலாம். ஹிக்கடுவையில் அலைச்சறுக்கு விளையாட வருபவருக்கும் புங்குடுதீவில் தாயின் ஆட்டைத் திவசம் செய்ய வருபவருக்கும் ஒரே விசா, ஒரே கேள்விகள், ஒரே கெடு.

வெளிநாட்டவர் இலங்கையில் நீண்டகாலம் தங்குவதற்கான விதிகள் என்றால், காலியிலும் வெலிகமவிலும் வீடெடுத்துத் தங்கும் ஐரோப்பிய ஓய்வூதியரைத்தான் கொழும்பு மனக்கண்ணில் காண்கிறது. யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியின் முகமே வேறு. இங்கே நெடுநாள் தங்க விரும்பும் 'வெளிநாட்டவர்' மிகப் பெரும்பாலும் இந்த மண்ணிலேயே பிறந்தவர், அல்லது பிறந்தவரின் பிள்ளை. அவருடைய தகுதியை டொலரால் அளக்கும் விதிகள் நம்மிடம் பல இருக்கின்றன. அவருடைய வேரால் அளக்கும் விதிகள் மிகக் குறைவு. வம்சாவளியை அடிப்படையாகக் கொண்ட, வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும் தங்குரிமை அட்டை ஒன்றை இலங்கை உருவாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அரசியல் உரிமை எதுவும் அதில் சேர வேண்டியதில்லை.

இவர்கள் எப்படி வெளிநாட்டவரானார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கைப் பிரஜை ஒருவர் தாமாக இன்னொரு நாட்டின் பிரஜாவுரிமையைப் பெற்றால் இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே அற்றுப்போகிறது. விண்ணப்பமும் இல்லை, விசாரணையும் இல்லை. கனடாவில் சத்தியப்பிரமாணம் எடுத்த கணத்தில் இங்கே பெயர் கழிந்துவிடுகிறது. இதே சட்டந்தான் மலையகத்தில் பல தலைமுறை வாழ்ந்த தோட்டத் தொழிலாளரை, அவர்கள் ஓரடிகூட நகராமலே அந்நியராக்கியது என்பதை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம். அந்தப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்துபோய்த்தான் செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இருந்தவரை அந்நியராக்கிய சட்டம், பின்னாளில் ஓடியவரையும் அந்நியராக்கியது. 1983இன் பின் வெளியேறியவர்களில் பெரும்பகுதியினர் விருப்பப்பட்டுப் புறப்பட்டவர்கள் அல்லர். அகதியாகப் பதிந்து, ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் கிடைத்த வெளிநாட்டுக் கடவுச்சீட்டு அவர்களுக்குத் திருப்பி அனுப்பப்படமாட்டோம் என்ற உத்தரவாதமாக இருந்தது. நோர்வே 2020 ஜனவரி வரையிலும், ஜேர்மனி 2024 ஜூன் வரையிலும், பொதுவாகப் பழைய பிரஜாவுரிமையைக் கைவிட்டால்தான் புதியதைத் தரும் நிலையில் இருந்தன. அந்த நாடுகள் இன்று அந்தக் கதவைத் திறந்துவிட்டன. இனித் தடை அங்கே இல்லை, இங்கேதான்.

இந்த வெளியேற்றத்தின் அளவைக் குடிசன மதிப்பீடே சொல்லும். 1981இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 738,788. 2012இல் அது 583,882. 2024ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலும் ஆறு லட்சத்தை எட்டவில்லை. நாட்டின் சனத்தொகை இதே காலத்தில் ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடிக்கு மேலே போயிருக்கிறது. இந்தப் பள்ளத்தைப் பிறப்பு வீதத்தால் நிரப்ப முடியாது. வெளியே போனவர்களில் ஒரு சிறு பங்கினராவது ஆண்டில் சில மாதமேனும் இங்கே வாழத் தொடங்கினால்தான் தீவுப்பகுதிக் கிராமங்களில் பள்ளிக்கூடமும் கடையும் பேருந்தும் மிஞ்சும்.

சரி, வருவதற்கு இன்று என்னென்ன வழிகள் இருக்கின்றன? முப்பது நாள் அனுமதியை நீட்டலாம். இப்போது அதை இணையவழியிலும் செய்ய முடிகிறது என்பது நல்ல மாற்றம். ஆனாலும் நீட்டிப்பு என்பது ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெறும் சலுகை. அதை நம்பி ஒருவர் கிணற்றுக்கு மோட்டார் பூட்டலாம், தோட்டம் போட முடியாது. அடுத்தது ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான 'மை ட்ரீம் ஹோம்' விசா. அதற்கு 15,000 அமெரிக்க டொலர் வைப்பிலிட வேண்டும். அதற்குமேல் மாதந்தோறும் 1,500 டொலர் வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். உடன் தங்கும் குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் 750 டொலர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த 1,500 என்ற எண்ணை யாழ்ப்பாணத்தவரின் ஓய்வூதியத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரித்தானியாவின் முழு அரச ஓய்வூதியம் 2025-26இல் வாரத்துக்கு 230 பவுணும் சில்லறையும். மாதத்துக்கு ஆயிரம் பவுணுக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்க டொலரில் ஏறக்குறைய 1,300. அந்த முழுத் தொகையைப் பெறவே 35 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும். நாற்பது வயதில் அகதியாகப் போய்ப் பெற்றோல் நிலையத்திலும் உணவகத்திலும் இரவு வேலை செய்தவரிடம் அந்த 35 ஆண்டு எங்கே இருக்கப்போகிறது? கனடாவின் முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவு மாதம் 700 கனேடிய டொலரைச் சற்றே தாண்டுகிறது. அமெரிக்கக் கணக்கில் அது ஏறக்குறைய 500 டொலர்தான். வேலைக்காலப் பங்களிப்பிலிருந்து வரும் ஓய்வூதியத்தைச் சேர்த்தாலும் பலருக்குத் திணைக்களம் வைத்திருக்கும் கோடு எட்டாது. கோண்டாவிலில் சொந்த வீடும் தென்னையும் வைத்திருக்கும் முதிய தம்பதிக்கு மாதம் 2,250 டொலர் எதற்கு? வாடகை இல்லை, தேங்காய் வாங்க வேண்டியதில்லை. ஹோட்டலிலும் வாடகை வில்லாவிலும் தங்குபவரின் செலவை வைத்து வரைந்த கோடு அது.

இதைவிட வசதியானவர்களுக்கு 'கோல்டன் பரடைஸ்' இருக்கிறது: ஒரு லட்சம் டொலர் வைப்பிலிட்டால் பத்தாண்டு. அது எப்போது வந்தது என்பதில் அதன் நோக்கம் முழுவதும் தெரிகிறது. நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென 2022 ஏப்ரல் 12இல் அறிவித்தது; அதே மாதக் கடைசியில் அமைச்சரவை இந்த விசாவுக்கு அனுமதி அளித்தது. டொலர் வற்றிய நேரத்தில் டொலரைப் பிடிக்க விரித்த வலை அது. வலை விரிப்பதில் தப்பில்லை. தாய்லாந்துகூட ஐம்பது வயதைக் கடந்த வெளிநாட்டவரிடம் எட்டு லட்சம் பாத் வைப்பையோ மாதம் 65,000 பாத் வருமானத்தையோ கேட்கிறது. ஆனால் தாய்லாந்து அதை அந்நியரிடம் கேட்கிறது. நாம் நம் பெரியப்பாவிடம் கேட்கிறோம்.

தங்கும் காலத்திலும் இதே பொருத்தமின்மைதான். புலம்பெயர்ந்த முதியவர்களின் வாழ்க்கை இன்று ஏறத்தாழ ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்ற தாளத்தில் போக விரும்புகிறது. அந்தத் தாளத்தைப் போட்டது அவர்கள் குடியேறிய நாடுகளின் சட்டமே. கனடாவில் குறைந்த வருமான முதியோருக்குக் கிடைக்கும் மேலதிகக் கொடுப்பனவு ஆறு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருந்தால் நின்றுவிடும். ஒன்ராறியோவின் இலவச மருத்துவ அட்டை செல்லுபடியாக வேண்டுமானால் பன்னிரண்டு மாதத்தில் 153 நாள் மாகாணத்தில் இருந்தாக வேண்டும். குளிர்காலத்தில் புறப்பட்டு, தைப்பொங்கலையும் சிவராத்திரியையும் சித்திரை வருடப்பிறப்பையும் ஊரில் கழித்துவிட்டு, வெயில் ஏறும்போது பேரப்பிள்ளைகளிடம் திரும்புவதே அவர்களின் கணக்கு. நம்முடைய விதிகளில் ஒரு மாத விருந்தாளிக்கு இடமிருக்கிறது, டொலர் காட்டும் வதிவாளருக்கு இடமிருக்கிறது. ஆண்டுதோறும் நான்கு, ஐந்து மாதம் வந்திருந்து போகும் இந்த ஊர்க்காரருக்குப் பொருந்தும் பெட்டி எளிதில் அகப்படுவதில்லை.

'ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்? இரட்டைப் பிரஜாவுரிமைதான் இருக்கிறதே' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, வலுவான மறுப்பும் இதுவே. 1987ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த அந்த ஏற்பாடு, இழந்த பிரஜாவுரிமையை மீளப் பெறவும், இழக்குமுன் தக்கவைக்கவும் வழி செய்கிறது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியிருத்தல், கல்வி அல்லது தொழில் தகைமை, 25 லட்சம் ரூபாவுக்குக் குறையாத சொத்து அல்லது வைப்பு என்று பல வாசல்கள் அதில் இருக்கின்றன. முடிந்தவர்கள் அதைப் பெறுவதே நல்லது. ஆனால் அது ஆட்சியாளரின் மனநிலைக்கேற்ப ஏறி இறங்கிய ஏற்பாடு. 2011இல் நிறுத்தினார்கள், 2015இல் ஆட்சி மாறியபின் மறுபடி தொடங்கினார்கள். நான்கு ஆண்டு பூட்டிக் கிடந்த கதவு இன்னொரு முறை பூட்டப்படாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அரசியலிலும் அது பந்தாக உருண்டது. இரட்டைப் பிரஜைகள் நாடாளுமன்றம் போவதை 19ஆவது திருத்தம் தடுத்தது, 2020இல் 20ஆவது திருத்தம் அனுமதித்தது, 2022இல் 21ஆவது திருத்தம் மீண்டும் தடுத்தது. ஒரு சில அதிகாரக் குடும்பத்தவரை மனத்தில் வைத்து ஆடிய அந்த ஆட்டத்தில், ஊருக்குத் திரும்ப விரும்பிய ஓய்வுபெற்ற தாதிக்கும் கணக்காளருக்கும் எந்தப் பங்கும் இருக்கவில்லை. சந்தேகத்தின் நிழல் மட்டும் அவர்கள்மேலும் விழுந்தது.

அதைவிடப் பெரிய குறை, மீளப் பெறுவதற்கு முதலில் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது. தந்தையும் தாயும் கனேடியப் பிரஜைகளானபின் ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை ஒருநாளும் இலங்கைப் பிரஜையாக இருந்ததில்லை. வம்சாவளிப் பதிவுக்கும் பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது பிரஜையாக இருந்திருக்க வேண்டும். பெற்றோர் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இருபத்திரண்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வயது கடந்தால் வாசல் அடைபட்டது. இன்று முப்பது வயதில் இருக்கும் மென்பொருள் பொறியாளரோ பல் வைத்தியரோ இரண்டாண்டு யாழ்ப்பாணத்தில் இருந்து எதையாவது செய்து பார்க்கலாம் என்று நினைத்தால், முதலீட்டாளராகவோ, நிறுவனம் ஒன்று அழைக்கும் வெளிநாட்டு ஊழியராகவோதான் பெரும்பாலும் வரவேண்டியிருக்கிறது. முதல் தலைமுறையின் ஏக்கம் ஊரில் சாவதைப் பற்றியது. இரண்டாம் தலைமுறையிடம்தான் ஊரில் வாழ்ந்து பார்க்கும் ஆவல் இருக்கிறது. நம் சட்டம் முன்னதற்கு ஓரளவு இடம் கொடுத்துப் பின்னதைக் கைவிட்டிருக்கிறது.

காணியைப் பேசாமல் யாழ்ப்பாணத்தில் எதையும் பேசி முடிக்க முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம், 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வரும்படி, வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடைசெய்தது. இரட்டைப் பிரஜைகளுக்கு விலக்கு உண்டு. நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாகவோ நன்கொடையாகவோ மரணசாதனத்தாலோ வருவதற்கும் விலக்கு உண்டு. தொடர்மாடிக் கட்டடத்தில் நாலாம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள வீட்டுக்கும் விலக்கு உண்டு. கொழும்பில் இந்த மூன்றாவது விலக்குக்குப் பொருள் இருக்கலாம். நாலாம் மாடி என்ற ஒன்றையே அரிதாகக் காணும் ஊர்களில், பாட்டியின் பத்துப் பரப்பில் ஒரு பரப்பை விலைக்கு வாங்க முடியாதவரிடம் 'வானத்தில் வேண்டுமானால் வாங்கிக்கொள்' என்று சொல்வதற்கு அது சமம்.

இந்தச் சட்டம் தேசவழமையோடு மோதும் இடத்தைச் சட்டத்தரணிகள் அன்றாடம் பார்க்கிறார்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த அந்த வழமை, முதுசொமும் சீதனமும் குடும்பத்துக்குள்ளேயே நிற்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தது. பங்குக் காணியில் ஒருவர் தம் பங்கை விற்க நினைத்தால் முதலில் பங்காளிக்குச் சொல்ல வேண்டும். 1947ஆம் ஆண்டின் முன்வாங்கல் கட்டளைச் சட்டமும் அந்த உரிமையைக் காக்கிறது. இப்போது அண்ணன் பிரான்ஸ் பிரஜை, தங்கை கோப்பாயில். தங்கை தன் பங்கை விற்கிறாள். பங்காளி என்ற முறையில் தேசவழமை அண்ணனை முன்னே அழைக்கிறது. வெளிநாட்டவர் என்ற முறையில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் அவரைப் பின்னே தள்ளுகிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? மைத்துனரின் பெயரில் உறுதி எழுதப்படுகிறது, அற்றோணித் தத்துவம் கைமாறுகிறது, பத்தாண்டு கழித்து நீதிமன்றத்தில் வழக்கு நிற்கிறது. சட்டம் பணத்தை நிறுத்தவில்லை. பணம் வரும் வழியை இருட்டாக்கியிருக்கிறது. கள்ள உறுதி பற்றிய புகார்கள் குடாநாட்டில் ஓயாமல் எழுவதற்குக் காரணங்களில் ஒன்று, உரிமையாளர் நேரில் நின்று கையெழுத்திட முடியாத நிலை.

2025 மார்ச் 28ஆம் தேதி வந்த வர்த்தமானி அறிவித்தலையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வட மாகாணத்தில் 5,941 ஏக்கருக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும், வராவிட்டால் அரச காணியாகும் என்றது அது. அதில் மிகப் பெரிய பங்கு யாழ்ப்பாண மாவட்டத்தில். இடம்பெயர்வில் உறுதிகளைத் தொலைத்தவர்கள், பல நாடுகளில் சிதறிய வாரிசுகள், மூன்று மாதம்! எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் போனது, ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசும் பின்வாங்கியது. அன்று தப்பியது நீதிமன்றத்தால். முப்பது நாள் விருந்தாளியாக வருபவரால் கச்சேரி, பிரதேச செயலகம், நில அளவைத் திணைக்களம், நொத்தாரிசு என்று நாலு வாசலும் ஏறி இறங்கித் தன் உரிமையை நிலைநாட்ட முடியுமா என்பதே அந்த அறிவித்தல் எழுப்பிவிட்டுப் போன கேள்வி.

மாற்று என்ன என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். பலாலியிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சென்னை. இந்தியாவும் நம்மைப் போல, நம்மைவிடக் கடுமையாகவே, இன்னொரு பிரஜாவுரிமையைப் பெறுபவரின் பிரஜாவுரிமையைப் பறிக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமையை அது தருவதேயில்லை. ஆனால் 1999இல் இந்திய வம்சாவளியினர் அட்டையையும், அதன்பின் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டையையும் கொண்டுவந்தது. 2015 ஜனவரியில் இரண்டையும் ஒன்றாக்கியது. பிள்ளைக்கும் பேரனுக்கும் அது கிடைக்கும். வாழ்நாள் முழுவதும் எத்தனை முறையும் வரலாம், எவ்வளவு காலமும் தங்கலாம், வேலை செய்யலாம். வாக்குரிமை இல்லை, அரசியல் பதவி இல்லை, விவசாயக் காணி வாங்க முடியாது. துருக்கியும் 1990களில் இதே வழியில்தான் போனது. ஜேர்மன் பிரஜாவுரிமைக்காகத் தன் பிரஜாவுரிமையைத் துறந்த தொழிலாளரை அது கைவிடவில்லை. வாக்குரிமை தவிர்த்து ஏறக்குறைய எல்லா உரிமையும் உள்ள அட்டையொன்றைக் கொடுத்தது. இந்திய முறையில் குறை இல்லாமலில்லை: ஊடகப் பணிக்கும் ஆய்வுக்கும் சிறப்பு அனுமதி வேண்டும் என்று 2021இல் இறுக்கினார்கள், அரசு நினைத்தால் அட்டையை இரத்துச் செய்யவும் முடிகிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் எலும்புக்கூட்டை. அந்த முட்களை அல்ல.

இலங்கையில் பிறந்தவர், அல்லது பெற்றோரில், பாட்டன் பாட்டியரில் ஒருவர் இங்கே பிறந்ததைக் காட்டக்கூடியவர் எவருக்கும் அப்படியொரு அட்டை கிடைக்கலாம். ஆவணம் என்று வரும்போது கொஞ்சம் இரக்கம் வேண்டும். யாழ்ப்பாணப் பழைய கச்சேரி இன்றும் இடிந்த சுவர்களாகத்தான் நிற்கிறது. அங்கிருந்த பதிவுகளுக்கு நேர்ந்ததை யாரும் சொல்லத் தேவையில்லை. இங்கே முன்னெழுத்தாக இருந்த தகப்பன் பெயர் அங்கே குடும்பப் பெயராகி, ஒரே ஆள் இரண்டு ஆவணத்தில் இரண்டு பேராக நிற்பார். பாடசாலைப் பதிவேடு, கோயில் விவாகப் பதிவு, பழைய தோம்பு, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றையும் சான்றாக ஏற்க வேண்டும். காணியைப் பொறுத்தவரை, அட்டைக்காரர் எங்கும் எதையும் வாங்கலாம் என்று திறந்துவிடத் தேவையில்லை. தாம் ஏற்கெனவே பங்காளியாக உள்ள முதுசொத்தில் மற்றப் பங்குகளை வாங்கலாம் என்பது போதும். அது தேசவழமையின் வரம்புக்குள் அடங்குவது.

'பாதுகாப்பு' என்று தெற்கில் ஒரு குரல் எழும். அதற்கு அலட்சியமாகப் பதில் சொல்லக் கூடாது; முப்பது ஆண்டுப் போரை இரண்டு பக்கமும் மறக்கவில்லை. ஆனால் புலம்பெயர்ந்தோரை மொத்தமாகச் சந்தேகிக்கும் முறை எவ்வளவு உதவியது என்பதை அரசின் சொந்தப் பட்டியலே காட்டுகிறது. 2014இல் 16 அமைப்புகளையும் 424 தனி ஆட்களையும் வர்த்தமானியில் தடைசெய்தார்கள். அடுத்து வந்த அரசு அதில் பலரை நீக்கியது, அதற்கடுத்தது மறுபடி சேர்த்தது. 2022 ஓகஸ்டில் 6 அமைப்புகளும் 316 ஆட்களும் நீக்கப்பட்டனர். நீக்கப்பட்டவர்கள் அன்று ஆபத்தில்லாதவர்கள் என்றால் முந்தின நாள் எப்படி ஆபத்தானவர்கள்? பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கும்போது, இந்தப் பட்டியல் விளையாட்டு விமான நிலையத்தில் இறங்கவே பலரை யோசிக்க வைக்கிறது. அட்டை முறை இதைவிடப் பாதுகாப்பானது. விண்ணப்பிப்பவர் பெயர், முகவரி, கைரேகை எல்லாவற்றையும் தாமே கொண்டுவந்து கொடுக்கிறார். ஒருமுறை ஆழமாக ஆராயலாம். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தந்து, மேன்முறையீட்டுக்கு இடம் வைத்து மறுக்கலாம். இது வடக்குக்கு மட்டுமான சலுகையும் ஆகாது. மெல்பேர்ணிலும் மிலானிலும் இருக்கும் சிங்களக் குடும்பங்களின் பிள்ளைகளும் இதே சிக்கலில்தான் இருக்கிறார்கள்.

உள்ளூரில் எழும் மறுப்பு இதைவிடக் கூர்மையானது. 'வெளிநாட்டுக் காசு வந்து காணி விலை ஏறிவிட்டது. சம்பளத்தில் வாழும் ஆசிரியர் நல்லூர்ப் பக்கம் ஒரு பரப்பும் வாங்க முடியாது. இன்னும் ஆட்களைக் கூப்பிட்டால் என்ன ஆகும்?' இந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த விலையேற்றம் 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கும்போதே நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விலையை ஏற்றுவது வந்து வாழ்பவரைவிட, வாராமல் வாங்கிப் பூட்டிவைப்பவர்தான். ஆண்டில் ஐந்து மாதம் வீட்டில் இருப்பவர் மேசனுக்கும் மின்வினைஞருக்கும் வேலை கொடுக்கிறார், சுன்னாகம் சந்தையில் மரக்கறி வாங்குகிறார், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார். பூட்டிய வீடு நுளம்புதான் வளர்க்கிறது. ஆளில்லாமல் தொடர்ந்து கிடக்கும் வளவுகளுக்குப் பிரதேச சபைகள் கூடுதல் வரி விதிக்கட்டும், அட்டைக்காரரையும் சேர்த்து. 'கஷ்டப்பட்டு இருந்தவர்கள் நாங்கள், ஓடிப்போனவர்களுக்கு ஏன் சலுகை' என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அந்த வலிக்கு வாதத்தால் பதில் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் சொல்லலாம்: இருந்தவரின் கையிலிருந்து இந்த அட்டை எதையும் எடுப்பதில்லை.

டொலரை விட்டு வேரைப் பார்ப்பது என்றால், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்புபவர்களை விட்டுவிட முடியாது. அவர்கள் கையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை, வைப்பிலிடப் பணமும் இல்லை. ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் உதவியோடு திரும்பிய எழுபத்தைந்து வயது முதியவர் ஒருவர், முன்பு கடவுச்சீட்டில்லாமல் நாட்டை விட்டுப் போன குற்றத்துக்காக, 2025 மே மாதக் கடைசியில் பலாலி விமான நிலையத்தில் கைதானார். உயிர் தப்பப் படகேறிய மனிதரிடம் முத்திரை எங்கே என்று கேட்டது சட்டம். அந்தக் குற்றப் பிரிவிலிருந்து போர்க்கால அகதிகளை வெளிப்படையாக விலக்கும் திருத்தமும் இந்த அட்டையோடு சேர்ந்தே வர வேண்டும். பணக்காரப் புலம்பெயர்ந்தவருக்கு ஒரு வாசலும் ஏழை அகதிக்கு ஒரு விலங்குமாக இருந்தால் அது வேரைப் பற்றிய கொள்கையாகாது.

எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கும் அண்மைய பாடம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் விசா வழங்கும் வேலையைத் தனியார் நிறுவனக் கூட்டு ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். கட்டணம் ஏறியது; மே முதலாம் தேதி கட்டுநாயக்கவில் எழுந்த வாக்குவாதம் நாடு முழுதும் பரவியது. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றம் போனார்கள், ஓகஸ்ட் 2ஆம் தேதி இடைக்காலத் தடை வந்தது. அதை நடைமுறைப்படுத்தாததற்காகத் திணைக்களத் தலைவரே செப்டெம்பரில் விளக்கமறியலுக்குப் போனார். பழைய இலத்திரனியல் முறை அதன்பின்தான் திரும்பியது. ஒன்று தெளிவு: விசா முறையை மாற்றுவது அரசுக்குக் கடினமான காரியமல்ல. தனியாருக்குக் கட்டணம் சேர்க்க முடிந்த வழியில் சொந்த மக்களின் பிள்ளைகளைச் சேர்க்க முடியாதா? யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் 2025 செப்டெம்பர் முதலாம் தேதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க கடவுச்சீட்டு அலுவலகத்தைத் திறந்துவைத்தார். அதற்குமுன் வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ அலைந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அட்டை விண்ணப்பத்தையும் அதே கட்டடத்தில் வாங்கலாம்.

இதைக் கேட்க வேண்டியவர்கள் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள். கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனம் இருந்தது, 2015இல் ஏழு, 2024இல் ஆறு. அந்த ஆறில் மூன்று ஆளும் தேசிய மக்கள் சக்தியிடம்; மீதி மூன்றும் தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், ஒரு சுயேச்சைக் குழு என்று ஆளுக்கொன்று. வேறு எதிலும் இவர்கள் ஒன்றுபடுவது கடினம். இந்த ஒரு அட்டைக்காக ஆறு பேரும் சேர்ந்து ஒரு தனிநபர் பிரேரணையில் கையெழுத்திடட்டும். அடுத்த ஆசன ஒதுக்கீட்டில் ஆறு ஐந்தாகும்வரை காத்திருக்க வேண்டாம்.